குழாய் எடுத்த நேரம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் அவள் ‘பத்து’தான். வெளிநாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக ஏழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்ட நோயாளி யாரும் திருப்திப் படிவத்தில் பத்துக்கு ஒன்பது போட்டதாகச் சரித்திரம் இல்லை. லிஃப்ட்காரர் முதல் நர்ஸ்கள் வரை “பத்தக்கா, பத்தக்கா” என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது அவளுக்கும் உள்ளுக்குள் குளிரத்தான் செய்தது.

இந்தப் பத்து ஒன்றும் ஆகாயத்திலிருந்து பொத்தென்று விழவில்லை. அதைக் கண்டுபிடித்த மகானுபாவர் வெளிநாட்டு நோயாளிப் பிரிவின் மேலாளர், சிரிப்பு சார். இழவு வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. மூன்று வருஷத்துப் படிவங்களை மேசையில் பரப்பி, எந்த நேரத்தில் வாங்கிய படிவத்தில் எத்தனை மதிப்பெண் என்று கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். வயிற்றில் கத்தி வைத்து நாற்பதாவது மணி நேரம்! அதுதான் மனிதன் சந்தோஷத்தின் உச்சியில் இருக்கும் நேரமாம். மூக்கிலிருந்து குழாயை உருவுவார்கள். முதல் வாய் சூப் கொடுப்பார்கள். வலிக்கான மருந்து இன்னும் நரம்பில் சொட்டிக்கொண்டிருக்கும். அட, நாம் சாகவில்லையே என்பது அப்போதுதான் ஆளுக்கு உறைக்கும். அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் பத்து போட்டுவிடுவான். மறுநாள் மருந்தை நிறுத்தினால் வலி வரும், மதிப்பெண் ஏழுக்கு இறங்கிவிடும்.

“குழாய் வெளிய வந்தா படிவம் உள்ள போகணும்” என்பது அந்தப் பிரிவின் வேதவாக்கு. வெட்டியெடுத்த கட்டி என்ன ரகம், உள்ளே மிச்சம் மீதி இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை அறிக்கை வர ஆறு நாளாகும். ஆகவே நோயாளி முதலில் திருப்தி அடைவார், பிறகுதான் தனக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்வார். இதை மாற்றிச் செய்த ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண், படிவத்துக்கு முன்னால் கெட்ட செய்தியைச் சொல்லித் தொலைத்தாள். அந்த நோயாளி வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து அழுதார். வெளிநாட்டு நோயாளிகளைப் பிடித்து அனுப்பும் ஏஜெண்டுகள் அன்று வந்திருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் அந்தப் பெண்ணின் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை. அந்த மாதக் கடைசியில் பத்துவின் ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தம்பதி வந்து சேர்ந்தார்கள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது வருஷம் தரையிலிருந்து எட்டு மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர், அதனால் பேச்சுக்குக் காய்ந்து போயிருந்தார். அவர் மனைவி தையல்காரி. ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் திரைச்சீலையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, “இவ்வளவு பெரிய இடத்துல இப்படியா ஓட்டுத் தையல் போடுவாங்க!” என்று மூக்கில் விரல் வைத்தவள். அவர்கள் மொழியிலும் தங்கச்சிக்கு ஒரு சொல் இருந்தது. முதல் நாளே அதைத் தூக்கிப் பத்துவின் தலையில் வைத்துவிட்டார்கள். அவளும் பதிலுக்கு அண்ணா, அக்கா என்றாள். அதுவும் அவள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் இவர்களிடம் சொல்லும்போது பயிற்சி மாதிரி இல்லை.

அவருக்குப் பெருங்குடலில் கட்டி. சர்ஜன் வெட்டி எடுத்தார். நாற்பதாவது மணி நேரத்தில் குழாயை உருவினார்கள். சூப் வந்தது. பத்து படிவத்தை நீட்டினாள். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை வரிசையாகப் பத்து முகங்கள் போட்ட தாள். கிரேன்காரர் பேனாவை வாங்கிக் கடைசி முகத்தைச் சுற்றி இரண்டு தடவை வட்டம் போட்டார்.

“பதினொண்ணு இல்லையா தங்கச்சி?” என்று கேட்டார்.

“அடுத்த தடவை அடிச்சு வைக்கச் சொல்றேண்ணா,” என்றாள் பத்து. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் தையல் இழுத்து அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலையில் சர்ஜன் அறிக்கையோடு அறைக்கு வந்தார். கெட்டிக்காரர், ஆனால் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க மாட்டார். அந்த மூன்றிலும் ஒன்று கைகழுவப் போய்விடும். கட்டிலின் காலடியில் நின்று, தம்பதி முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவர்களுக்குப் புரியாத தன் மொழியில் பத்துவிடம் சொன்னார்.

“கேளுங்கம்மா. வெட்டின இடத்தோட ஓரம் சுத்தமா இல்ல. நோய் மிச்சம் இருக்கு. மூணு வாரத்துக்குள்ள திரும்பத் திறந்து எடுக்கணும், அப்புறம் மருந்து ஏத்தணும். செஞ்சா பொழைச்சுக்குவாரு. விட்டா கல்லீரலுக்குப் போயிடும், அப்புறம் நான் இல்ல, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஊருக்குப் போக வேண்டாம், இங்கயே இருக்கச் சொல்லுங்க.”

கணவனும் மனைவியும் இப்போது அவள் வாயைப் பார்த்தார்கள். மறுநாள் இவர்களை வைத்து ஆஸ்பத்திரிக்கு விளம்பர வீடியோ எடுக்க வேண்டும். தோட்டத்தில் நாற்காலிகூடப் போட்டாகிவிட்டது. வீடியோ முடியட்டும், நாளைக்கே சொல்லிவிடலாம், ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று பத்து நினைத்தாள்.

“காயம் நல்லா ஆறுதாம்ணா. மத்த விவரமெல்லாம் பொறுமையா சொல்றேன்னாரு,” என்றாள்.

தையல்காரி எழுந்து வந்து சர்ஜனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சர்ஜனுக்கு ஆச்சரியம். கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டு இவ்வளவு தைரியமாக நிற்கிறார்களே!

“இருப்பாங்களா?” என்று கேட்டார்.

“கலந்து பேசிட்டுச் சொல்றாங்களாம் சார்.”

“சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க,” என்று சொல்லி, கையிலிருந்த டேப்லெட்டில் ‘மறு அறுவை அவசியம், தங்கச் சொல்லப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் மூலம்’ என்று தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

வீடியோ அமோகமாக வந்தது. கிரேன்காரர் கேமராவைப் பார்த்து, “எனக்குப் புது உசிர் கொடுத்து அனுப்புறாங்க. வயித்துல எதையாவது வெச்சுக்கிட்டு வீட்ல முடங்கிக் கிடக்காதீங்க, இங்க வாங்க,” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த மனிதர் தானாகச் சொன்னார். சிரிப்பு சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் தனியாக இருக்கும்போது பத்து போய் விஷயத்தைச் சொன்னாள். “சார், வீடியோ முடிஞ்சுது. இப்ப சொல்லிடட்டுமா?”

“எதை?”

“அறிக்கையை.”

சிரிப்பு சார் அவளை உட்காரச் சொன்னார். “பாரும்மா. இன்னொரு ஆபரேஷன்னு சொன்னா முதல் ஆபரேஷன் சரியில்லன்னு ஆயிடும். இப்பத்தான் அந்த மனுஷன் புது உசிருன்னு சொல்லி வாய் மூடியிருக்காரு. முப்பது நாளுக்குள்ள அதே நோய்க்குத் திரும்பச் சேர்த்தா நம்ம தரவரிசை என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நாம எதையும் மறைக்கலையே! அறிக்கைய கவர்ல போட்டு ஃபைலோட குடுத்துடுவோம். அவங்க ஊர்ல டாக்டரே இல்லையா என்ன? அவரு பார்த்துக்குவாரு.”

“அது நம்ம மொழியில இருக்கு சார்.”

“எல்லா ஆஸ்பத்திரியும் அவங்கவங்க மொழியிலதான் எழுதுவாங்க,” என்றார் அவர். பிறகு கரிசனமாக, “உன் ஒப்பந்தக் காகிதம் என் மேசையிலதான் இருக்கு, கையெழுத்துப் போட்டுடறேன், கவலைப்படாதே,” என்றார்.

அவள் நல்லவள்தான், சூழ்நிலைக் கைதி என்றெல்லாம் சொல்லி உங்கள் காதில் நான் பூச்சுற்ற மாட்டேன். வீட்டில் அவளை நம்பி யாரும் பட்டினி கிடக்கவில்லை. வேறு வேலை தேடினால் கிடைத்திருக்கும். அவளுக்கு அந்தப் பத்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏழு வருஷமாகக் கறை படாத ஒன்றைக் கறையாக்க மனசு வரவில்லை.

சர்ஜன் காதுக்கு எட்டாமல் டிஸ்சார்ஜ் காகிதங்களைச் சிரிப்பு சாரே முடித்துக் கொடுத்தார். விமான நிலையம் போகும் வழியெல்லாம் பத்து சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். கிரேன்காரர் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். இறங்கியதும் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒருவன் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். பெண்கள் இருவரும் பின்தங்கினார்கள். பத்து ஒட்டிய கவரை எடுத்துத் தையல்காரியின் கையில் கொடுத்தாள்.

“அக்கா, ஊருக்குப் போனதும் இதை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.”

தையல்காரியின் முகம் சட்டென்று மாறியது. “ஏன்? ஏதாவது இருக்கா?”

இதோ, இதுதான் சமயம். கேள்வியையே அவள் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஆமாம் அக்கா, இருக்கு என்று மூன்று சொல் போதும். ஆனால் அந்த முகம் மாறியதைப் பார்த்ததும் பத்துவுக்கு நாக்கு புரளவில்லை. முகம் மறுபடி மலர என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் அவளுடைய நாக்கு ஏழு வருஷமாகப் பழகியிருந்தது.

“சேச்சே! எல்லாம் நல்லா இருக்குக்கா. சும்மா ஒரு பதிவுக்கு. பத்திரமா வெச்சுக்கோங்க.”

முகம் மலர்ந்தது. அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவர்கள் ஊருக்குப் போன எழுபத்தோராம் நாள் தையல்காரியிடமிருந்து போன் வந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீங்கியிருக்கிறது. “இங்க உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா மாட்டேங்கறாரு. தங்கச்சிகிட்டயே போவோம், அங்கதான் என்னைப் பொழைக்க வெச்சாங்கன்னு ஒரே பிடிவாதம். நாங்க கிளம்பி வர்றோம்,” என்றாள்.

பத்து சிரிப்பு சாரிடம் ஓடினாள். அவர் நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். “எழுபத்தொண்ணு. முப்பது தாண்டிடுச்சு. அப்ப இது திரும்பச் சேர்க்கறது இல்ல, புது நோயாளி,” என்று நிம்மதியாக மூச்சு விட்டார். “பழைய ஆளுங்க திரும்பி வர்றதைவிட நமக்கு என்ன விளம்பரம் வேணும்? அறைக்குப் பூங்கொத்து அனுப்பச் சொல்லு.”

வந்தார்கள். துறைமுகத்து ஆளில் பாதிதான் வந்திருந்தது. வரவேற்பறையின் பெரிய திரையில் அவருடைய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் அதுதான் ஓடும். கன்னம் உப்பிய கிரேன்காரர் திரையில் சிரிக்க, கன்னம் ஒட்டிய கிரேன்காரர் கீழே சக்கர நாற்காலியில் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் ஊர்க்காரர் ஒருவர், கையில் புத்தம்புது ஃபைலோடு, தயங்கித் தயங்கி வந்து, “அந்த வீடியோல பேசினது நீங்கதானே? அதைப் பார்த்துட்டுத்தான் எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்,” என்றார். கிரேன்காரர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

பரிசோதனையெல்லாம் முடிந்து சர்ஜனின் அறையில் உட்கார்ந்தார்கள். சர்ஜன் படங்களைப் பார்த்தார். கல்லீரல் முழுக்க விதை தூவியது போல் இருந்தது. பழைய குறிப்பைத் திறந்தார். படித்தார். அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“என்னம்மா இது? அன்னைக்கே மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும், இங்கயே இருங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! ஏன் போனாங்க? கேளுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும், ஏன் போனாங்கன்னு கேளுங்க!”

அவர் சத்தம் போட்டதில் தையல்காரி பயந்து எழுந்து நின்றுவிட்டாள். கிரேன்காரர், “டாக்டர் ஏன் கோபப்படறாரு தங்கச்சி?” என்றார்.

அறையில் இருந்த நான்கு பேரில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கேள்வியை உள்ளபடி திருப்பினால் அவர்கள் விழிப்பார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்பார்கள். சர்ஜன் அவள் பக்கம் திரும்புவார். கதை முடிந்துவிடும். அப்போது அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நல்ல யோசனை வந்தவர்களின் முகம் எப்படித் தெளியுமோ அப்படித் தெளிந்தது அவள் முகம்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து குடுத்த கவரை ஏன் யார்கிட்டயும் காட்டலைன்னு கேட்கறாரு,” என்றாள்.

கிரேன்காரர் மனைவியைப் பார்த்தார். “என்ன கவர்?”

தையல்காரி கைப்பையைத் திறந்து எடுத்தாள். அந்தக் கவருக்கு அவள் ஒரு துணிப்பை தைத்திருந்தாள். உள்ளே மெத்தென்று இன்னொரு துணி வைத்து, ஓரம் மடித்து, பொடித்தையல் போட்டு, மூன்று பொத்தான் வைத்த பை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கவர் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, ஒரு மூலைகூட மடங்கவில்லை.

“இதை உன்கிட்ட எப்ப குடுத்தாங்க?”

“ஊருக்குக் கிளம்பும்போதுங்க. நீங்க முன்னாடி போயிட்டிருந்தீங்க. பத்திரமா வைக்கச் சொன்னாங்க...”

“டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்களா?”

பாவம், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “காட்டவும் சொன்னாங்க. ஆனா சும்மா பதிவுக்குத்தான்னு... எல்லாம் நல்லா இருக்குன்னு...” என்று திணறி, பத்துவின் பக்கம் திரும்பினாள். “நீ அப்படித்தானே சொன்னே தங்கச்சி? சொல்லேன்!”

“டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னேன்க்கா,” என்றாள் பத்து.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல!

“என்னவாம்?” என்று சர்ஜன் பொறுமை இழந்து கேட்டார்.

“ஊர் ஏக்கம் வந்துடுச்சாம் சார். அதான் நிக்காம போயிட்டாங்களாம்.”

“ஊர் ஏக்கம்!” சர்ஜன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “இனிமே வலி தெரியாம வெச்சுக்கறதுதான் நம்மால ஆனது. வயித்துல கட்டியிருக்கற தண்ணிய எடுத்துவிடறேன், கொஞ்சம் மூச்சு விடுவாரு. பக்குவமா சொல்லிடுங்க.” மூன்று நிமிஷம் முடிந்திருந்தது. கைகழுவப் போனார்.

பத்து பக்குவமாகத்தான் சொன்னாள். அதில் அவளை அடிக்க ஆளில்லை. அந்தக் கவரில் இருந்தது என்ன, மூன்று வாரத்துக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இப்போது ஏன் ஆகாது, எல்லாவற்றையும் முதல்முறையாக உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தாள். கிரேன்காரர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. சத்தம் போடவில்லை. நாற்காலியை மட்டும் தானே உருட்டி, மனைவிக்கு முதுகு காட்டித் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் போர்வையை இழுத்துவிட்டால் தள்ளிவிட்டார். காலைப் பிடித்துவிட்டால் காலை மடக்கிக்கொண்டார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “மன்னிச்சுடுங்க, நான் படிக்காத முட்டாள், எனக்குத் தெரியலைங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கடல் படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் தையல்காரி பத்துவை அறைக்கு வெளியே கூப்பிட்டாள். அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது.

“ஒளிக்காம சொல்லு தங்கச்சி. நான்தானே அவரைக் கொன்னேன்?”

தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. சர்ஜன் இல்லை, சிரிப்பு சார் இல்லை, படிவம் இல்லை. இங்கே உண்மையைச் சொன்னால் கேட்கப்போவது இவள் ஒருத்திதான். பத்து அவள் தோளைத் தொட்டாள்.

“அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா. யாராவது வேணும்னே செய்வாங்களா? மனசைத் தேத்திக்கோங்க,” என்றாள்.

கொலைகாரியைக் கொலையுண்டவரின் வீட்டார் மன்னிப்பது போல் இருந்தது அது. தையல்காரி அதற்கும் நன்றி சொன்னாள்.

உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். தண்ணீர் வேண்டும் என்று உதட்டைக் காட்டினார். தையல்காரி கோப்பையில் ஊற்றி, ஒரு கையால் அவர் தலையைத் தாங்கப் போனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் மறுபடியும் கோப்பையை உதட்டருகில் கொண்டுபோனாள். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு கஷ்டப்பட்டுக் கையைத் தூக்கிப் பத்துவைச் சுட்டினார்.

“நீ குடு தங்கச்சி. அவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

பத்து அசையாமல் நின்றாள். அவர் காய்ந்த உதட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி தான் நின்ற இடத்தை விட்டு விலகி, கோப்பையை அவள் கையில் வைத்தாள்.

“மெதுவாக் குடு,” என்றாள். “அவசரமா குடிச்சா அவருக்குப் புரை ஏறிடும்.”